என் பொருள், என் இஷ்டம்

ஜீப் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பதிவுப் புத்தகத்திலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை வற்புறுத்தியது. "காசு கொடுத்து வாங்கியவன் நான், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் நான். என் பொருளைத் தொட எனக்கு உரிமையில்லையா, ஸார்?" என்பது அவர் வாதம்.

லேசான வாதமல்ல. ஜீப்பின் சரித்திரமே அவருக்குச் சாட்சி சொல்லும். இரண்டாவது உலக யுத்தத்தில் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி அது. யுத்தம் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளைப் பிலிப்பைன்ஸ் மக்கள் நீட்டி, கூரை போட்டு, வர்ணம் தீட்டி, ஊரார் ஏறிச் செல்லும் 'ஜீப்னி' ஆக்கிக்கொண்டார்கள். ஏறுகிறவர்களுக்காகவே செய்த மாற்றம் அது. அதைக் குற்றம் என்று யார் சொல்வார்?

ஆனால், தேவை கேட்கும் மாற்றம் வேறு. பெருமை கேட்கும் மாற்றம் வேறு. ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே கட்டை கொடுத்து உயர்த்தினால் வண்டியின் வயிறு பாறையில் இடிக்காது, உண்மைதான். கூடவே பாரத்தின் மையமும் உயர்கிறது. வளைவில் கவிழும் அபாயம் கூடுகிறது. பெரிய டயர் மாட்டினாலோ, ஸ்பீடாமீட்டர் உள்ளதைவிடக் குறைந்த வேகத்தைக் காட்டும். பிரேக்குக்கு வேலை அதிகமாகும். வண்டி பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது! அந்தப் பொய்யை நம்பிப் பின்னால் உட்காருகிறவர்கள் மனைவியும் குழந்தைகளும். எதிரே சைக்கிளில் வருகிறவன் யாரோ ஒருவன். அவர்களையும் நண்பர் காசு கொடுத்து வாங்கிவிடவில்லையே!

சட்டம் கை வைக்காத வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. ஆற்றைக் கடந்து வந்ததும் ஆக்ஸில் எண்ணெயைத் திறந்து பார்க்கலாம். பால் விட்ட காப்பிபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்ற வேண்டும். யூனிவர்ஸல் ஜாயிண்டுகளுக்குக் கிரீஸ் அடிக்கலாம். பிரேக்கில் அப்பிய சேற்றைக் கழுவலாம். இதையெல்லாம் பார்த்துத் தெருவில் யாரும் வாயைப் பிளக்கப் போவதில்லை. அதனால்தானோ என்னவோ, உயர்த்தத் துடிக்கும் கைகள் இங்கே வந்ததும் சோம்பிவிடுகின்றன.

ஒரு பொருள் என்னுடையது என்பதற்கு, அதை மாற்றும் அதிகாரத்தை நான் அத்தாட்சியாகக் கொள்ளமாட்டேன். அதை நம்பி ஏறுகிறவர்களுக்காக, யாரும் பார்க்காத வேளையில் வண்டிக்கடியில் படுத்துக் கிரீஸ் பூசிக்கொண்ட விரல்கள்தான் அத்தாட்சி.