பார்ப்பவனின் பங்கு

பால்டிமோர் ரேவன்ஸ் கால்பந்து அணியின் ஆட்டம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் ஒரு மணிக்கு எங்கள் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. பால்டிமோருக்கு மேற்கே இருபது நிமிடத் தொலைவில் குடியிருக்கிறேன். செப்டம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு ஊதாக் கொடி. பல வருடம் என் வீட்டிலும் ஒன்று தொங்கியது. இப்போது இல்லை. அமெரிக்கக் கால்பந்து பார்ப்பதை விட்டுவிட்டேன் என்றால், கேட்கிறவர்கள் காரணத்தையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். 'தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார்களே, அதனாலா?' என்பார் ஒருவர். 'பெண்ணை அடித்தவனுக்கு இரண்டே ஆட்டம் தடை விதித்தார்களே, அதனாலா?' என்பார் இன்னொருவர்.

இரண்டும் இல்லை. தண்டனை போதவில்லை என்ற கோபத்தில் நான் விலகவில்லை. அந்தத் தண்டனையை யார் கொடுக்கிறார், யாருக்காகக் கொடுக்கிறார் என்று யோசிக்கப் போய் விலகினேன். 'யாருக்காக' என்ற இடத்தில் நானே உட்கார்ந்திருந்தேன்.

நான் தமிழ்ச் சமணன். வந்தவாசிப் பக்கம் சொந்த ஊர். குந்தகுந்தர் தவம் செய்ததாக எங்கள் மரபு சொல்லும் பொன்னூர் மலை அங்கிருந்து தொலைவில்லை. என் ஆயா பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் சோறு உண்டதில்லை. விளக்கு வெளிச்சத்தில் பூச்சி விழுந்து செத்துவிடுமே என்ற கவலை. அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, நூறு கிலோ மனிதர்கள் ஓடிவந்து மோதிக்கொள்ளும் ஆட்டம் எப்படிப் பிடித்தது? பிடித்தது, அவ்வளவுதான். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு கடக்க வேண்டும். இல்லையென்றால் பந்து எதிராளிக்குப் போகும். இந்த எளிய விதிக்குள் எவ்வளவு சூழ்ச்சி இருக்கிறது என்று என் மகன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான். 2012 நவம்பர் 25, சான் டியேகோவில் நடந்த ஆட்டம். நான்காவது முயற்சி, கடக்க வேண்டியது 29 யார்டு, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ கைக்கெட்டும் தூரத்தில் பந்தைத் தட்டிவிட்டார். ரே ரைஸ் அதை வாங்கிக்கொண்டு, பிடிக்க வந்த எல்லோரையும் நழுவவிட்டு, அளந்து பார்க்கும் அளவுக்கு ஒட்டி அந்தக் கோட்டைக் கடந்தார். ரேவன்ஸ் 16-13 என்று வென்றது. அந்த சீசனில் சூப்பர் பவுலையும் வென்றது. ரைஸின் 27ஆம் எண் ஜெர்சியை மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

பதினைந்து மாதம் கழித்து, 2014 பிப்ரவரியில், அட்லாண்டிக் சிட்டியின் ஒரு சூதாட்ட விடுதி லிஃப்டிலிருந்து மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணை அதே ரைஸ் வெளியே இழுத்துப் போடும் காட்சி வெளியானது. அவர் ரைஸுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். வழக்கு பதிவானது, அடுத்த மாதம் இருவருக்கும் கல்யாணமும் ஆனது. ஜூலை 24 அன்று என்.எஃப்.எல். லீக்கின் கமிஷனர் ராஜர் குடெல் தண்டனையை அறிவித்தார்: இரண்டு ஆட்டம் தடை. அதே கோடையில் கிளீவ்லாந்தின் ஜாஷ் கோர்டனுக்கு, கஞ்சா விவகாரத்தில், ஒரு முழு சீசன் தடை உறுதியானது. பின்னால்தான் அது பத்து ஆட்டமாகக் குறைந்தது. ஊர் சிரித்தது. ஆகஸ்ட் இறுதியில் குடெல், தான் செய்தது சரியில்லை என்று அணி உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதி, இனி குடும்ப வன்முறைக்கு முதல் முறை ஆறு ஆட்டம், இரண்டாம் முறை ஆயுள் தடை என்றார்.

செப்டம்பர் 8 அன்று லிஃப்டுக்கு உள்ளே எடுத்த காட்சி வெளிவந்தது. அடி விழுவது தெரிந்தது. அன்று மாலைக்குள் ரேவன்ஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. லீக் காலவரையற்ற தடை விதித்தது.

திகம்பரர்களான எங்கள் தசலட்சண நோன்பு அந்த ஆண்டு முடிந்ததும் அதே செப்டம்பர் 8 அன்றுதான். பத்து நாளில் முதல் நாள் உத்தம க்ஷமை, மேலான பொறுமை. நோன்பு முடிந்ததும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போம். அந்த வாரம் தொலைபேசியில் பேசிய சொந்தக்காரர்கள் எல்லோரும் வழக்கப்படி மன்னிப்புக் கேட்டார்கள். அலுவலகத்தில் எல்லோரும் ரைஸை ஜெயிலில் போட வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் நான் தலையாட்டினேன்.

என்னை உறுத்தியது வேறொன்று. ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் அந்தச் செயலில் என்ன மாறிற்று? ஒன்றுமில்லை. லிஃப்டுக்குள் அடி விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இல்லையென்றால் ஒருத்தி ஏன் மயங்கிக் கிடக்கிறாள்? மாறியது எங்கள் கண். நாங்கள் பார்த்துவிட்டோம் என்பதால் இரண்டு ஆட்டம் ஆயுள் தடையைப் போல நீண்டது. நவம்பர் 28 அன்று மேல்முறையீட்டில் நடுவராக இருந்த முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் அந்த இரண்டாவது தண்டனையை ரத்து செய்தார். ரைஸ் லீக்கிடம் பொய் சொல்லவில்லை, தெரிந்த குற்றத்துக்கே மறுபடி தண்டித்திருக்கிறார்கள் என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

எங்கள் ஊரில் வள்ளுவர் சமணரே என்று இன்றைக்கும் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அவர் செய்த ஒரு ஏற்பாடு கவனிக்கத் தக்கது. தனக்குத் தீங்கு செய்தவனைப் பொறுத்துக்கொள்வதை இல்லறத்தானிடம் கேட்கிறார். குற்றம் செய்தவனைத் தண்டிப்பதைச் செங்கோன்மையில் அரசனின் வேலையாக வைக்கிறார். பொறுப்பவனும் தண்டிப்பவனும் வேறு வேறு ஆள். சரி, குடெல் இதில் யார்? இல்லறத்தான் இல்லை; அவருக்கு யாரும் தீங்கு செய்யவில்லை. அரசனும் இல்லை, 32 அணி முதலாளிகள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நிர்வாகி. வணிகத்தின் காவலர் தீர்ப்புச் சொன்னால், அது வியாபாரத்தின் தேவையைத்தான் அளந்து சொல்லும்.

இதைக் குதர்க்கம் என்பவர்கள் அதே செப்டம்பரில் மினசோட்டாவில் நடந்ததைப் பார்க்கலாம். வைக்கிங்ஸ் அணியின் ஏட்ரியன் பீட்டர்சன் தன் நான்கு வயது மகனை மரக்குச்சியால் விளாசினார் என்று டெக்சாஸில் குற்றச்சாட்டு பதிவானது. அணி அவரை ஒரு ஆட்டத்துக்கு உட்கார வைத்தது. அதில் தோற்றதும் மறுநாள் திங்கட்கிழமையே திரும்ப வரலாம் என்றது. அன்று இரவே ராடிசன் ஹோட்டல் நிறுவனம் தன் விளம்பர ஆதரவை நிறுத்தி வைத்தது. அடுத்த நாள் பட்வைசர் பீர் தயாரிக்கும் நிறுவனம் லீக்கின் போக்கில் அதிருப்தி தெரிவித்தது. உடனே அணி மனம் மாறி, பீட்டர்சனை ஆட்டத்திலிருந்து விலக்கியது. குழந்தையின் காலில் இருந்த தழும்பு திங்களும் செவ்வாயும் ஒன்றுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பீட்டர்சன் செய்தி வந்தபோது என் அமெரிக்க நண்பர்கள் பதறியதுபோல் நான் பதறவில்லை. புளியம் விளாரால் அடி வாங்காத பையன் எங்கள் தலைமுறையில் எங்கள் தெருவில் இருந்ததாக நினைவில்லை. பூச்சிக்காக இருட்டில் உண்ணாத வீடுகளிலும் பிள்ளையை அடிக்க விளார் இருந்தது. பீட்டர்சனும் தன்னை அப்படித்தான் வளர்த்தார்கள் என்றார். அவரைத் தண்டிக்கச் சொல்லிக் கூவியவர்களில் எத்தனை பேர் வீட்டில் பெல்ட் இருந்ததோ. இதைச் சொல்லி அவரை நியாயப்படுத்தவில்லை. தூரத்தில் ஒருவனைத் தண்டிக்கச் சொல்வதில் கிடைக்கும் நிம்மதி சந்தேகத்துக்கு உரியது என்கிறேன்.

முதல் ஆட்டத்துக்குப் பிறகு பீட்டர்சன் அந்த சீசனில் ஆடவில்லை. 2015இல் திரும்பிவந்து 1,485 யார்டு ஓடி லீக்கிலேயே முதலாவதாக வந்தார். நடுவர் தீர்ப்பு ரைஸுக்குச் சாதகமாக வந்தும் எந்த அணியும் அவரைக் கூப்பிடவில்லை. காணொளி ஒரு காரணம். முந்தைய சீசனில் அவருடைய ஓட்டம் ஒரு முயற்சிக்குச் சராசரியாக மூன்று யார்டைச் சற்றே தாண்டியதாகக் குறைந்திருந்தது இன்னொரு காரணம். மன்னிப்பையும் யார்டு கணக்கில் அளக்கும் உலகம் அது. 2022இல் டிஷான் வாட்சன் மீது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர் மறுத்தார், டெக்சாஸில் ஒரு கிராண்ட் ஜூரி குற்றம் சாட்ட மறுத்தது. அந்த நிலையிலேயே கிளீவ்லாந்து அணி 23 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. முதல் வருட அடிப்படைச் சம்பளத்தைப் பத்து லட்சம் டாலர் அளவில் வைத்தது. தடை வந்தால் ஆட்டத்துக்கு ஆட்டம் பிடிப்பது அந்தச் சிறு தொகையில்தான். விசாரணை அதிகாரி ஆறு ஆட்டம் என்றார். லீக் மேல்முறையீடு செய்து, கடைசியில் 11 ஆட்டம், 50 லட்சம் டாலர் அபராதம் என்று பேசி முடித்தார்கள். பேசி முடித்தார்கள் என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் போடுகிறேன்.

எங்கள் மரபில் தவறுக்குக் கழுவாய் உண்டு. தத்துவார்த்த சூத்திரம் துறவிகளுக்கு ஒன்பது கழுவாய்களை வரிசைப்படுத்துகிறது. முதலாவது, செய்ததைக் குருவிடம் ஒளிக்காமல் சொல்வது. பிறகு வருந்தித் திரும்புதல், விலக்குதல், தவம் என்று கடுமை ஏறிக்கொண்டே போகும். ஏழாவது, துறவு வாழ்வின் மூப்பைக் குறைத்து இளையவர்களுக்குக் கீழே நிறுத்துவது. எட்டாவது, சங்கத்தைவிட்டு ஒதுக்கி வைப்பது. ஒன்பதாவதாக அதைவிடக் கடுமையான ஒன்றை எதிர்பார்த்துத்தான் சிறுவயதில் கேட்டேன். ஒன்பதாவது, மறுபடி தீட்சை கொடுத்து நிலைநிறுத்துவது. ஒதுக்கி வைப்பதோடு பட்டியல் முடியவில்லை. லீக்கிடம் இல்லாதது இந்த முதலும் கடைசியும்தான். ஒளிக்காமல் சொல்ல அங்கே வழக்கறிஞர் விடமாட்டார். திரும்பச் சேர்ப்பதற்கு யார்டு வேண்டும்.

இனி என் கதை. 2014 செப்டம்பர் 19ஆம் தேதி ரேவன்ஸ் மைதானத்தில் 27ஆம் எண் ஜெர்சியைக் கொடுத்துவிட்டு வேறு வீரரின் ஜெர்சியை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். வரிசை நீண்டு போனது. ஏழாயிரத்துக்கும் மேல் மாற்றிக்கொண்டார்கள். நகரத்தில் ஒரு பீட்சா கடை, ரைஸ் ஜெர்சி கொடுத்தால் பீட்சா இலவசம் என்றது. மைதானத்துக்கு வெளியே ரேவன்ஸின் முன்னாள் வீரர் ரே லூயிஸின் வெண்கலச் சிலை அந்த மாதம்தான் திறக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு அட்லாண்டாவில் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் அவர் மீதான கொலைக் குற்றச்சாட்டைக் கைவிட்டு, விசாரணைக்கு இடையூறு செய்ததை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். லீக் அபராதம் விதித்தது. ஒரு ஆட்டம்கூடத் தடையில்லை. சிலையைக் கடந்து ஜெர்சி மாற்றப் போகும் ஜனங்களைச் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, 'அப்பா, நாமும் போலாமா?' என்றான் மகன். மாற்றி என்ன வாங்குவாய் என்றேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் போகவில்லை.

அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டால் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்கலாம். ஒருவனை வெளியேற்றியதால் மிச்ச ஆட்டம் சுத்தமாகிவிடுகிறது. ஆனால் மிச்ச ஆட்டம் என்ன? 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்தபின் தானமாகத் தரப்பட்ட முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளைச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். 111 மூளைகளில் 110இல் மோதல்களால் வரும் சிதைவு இருந்தது. நோய் அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே அதிகம் தந்திருப்பார்கள் என்று கழித்துக்கொண்டாலும் எண்ணிக்கை கலங்க வைக்கிறது. இதற்கு எந்த வீரருக்கும் தடை கிடையாது. இது நடத்தைக் கேடு இல்லை, இதுதான் ஆட்டம்.

சமணக் காப்பியமான நீலகேசியில் பௌத்தரோடு நடக்கும் வாதம் நினைவுக்கு வந்தது. கொன்றவனுக்கே பாவம், விலைக்கு வாங்கி உண்பவனுக்கு இல்லை என்பது எதிர்த்தரப்பு. உண்பவன் இல்லையென்றால் விற்பவன் ஏது என்பது நீலகேசியின் பக்கம். குறளும் அதே பக்கம்தான். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் சமணம் வினையாகவே எண்ணுகிறது. இன்னும் ஒன்று உண்டு. இல்லறத்தான் விலக்க வேண்டிய வீண்வினைகளில் 'அபத்யானம்' என்று ஒன்று: பிறருக்கு வெற்றியும் தோல்வியும் அடியும் கட்டும் எப்படி வரும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது. தத்துவார்த்த சூத்திரத்துக்குப் பூஜ்யபாதர் எழுதிய உரையில் இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ஞாயிறு மதியம் சோபாவில் நான் செய்துகொண்டிருந்தது வேறென்ன?

சிரித்த மறுநாளே விட்டுவிடவில்லை. ஆசையை வென்று எழுந்த வைராக்கியம் என்று பெருமைப்படவும் ஒன்றுமில்லை. முதலில் ரீப்ளே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு இரண்டாம் பாதியில் தூங்கிவிட்டேன். பிறகு எப்போது ஆட்டம் என்றே கேட்கவில்லை. வயதாகிவிட்டது என்கிறாள் மனைவி, அதுவும் இருக்கலாம். லீக்குக்கு இதனால் ஒரு காசு நட்டமில்லை. 2016, 2017இல் தொலைக்காட்சிப் பார்வையாளர் குறைந்தபோது கால்பந்தின் காலம் முடிந்தது என்று எழுதினார்கள்; 2018இலேயே எண்ணிக்கை திரும்பி ஏறத் தொடங்கியது. 2025 சூப்பர் பவுலை அமெரிக்காவில் சராசரியாக 12 கோடியே 77 லட்சம் பேர் பார்த்தார்கள். நான் லீக்கைத் தண்டிக்கவில்லை. என் உடன்பாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

விளையாட்டைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தண்டனையை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள்: காணொளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓடுபவன் 1,485 யார்டு ஓடினாலும் 600 ஓடினாலும் ஒரே அளவு, ஒரே முடிவுத் தேதி. பிறகு உள்ளே வர வழி விடுங்கள். ரைஸ் அந்தப் பெண்ணோடுதான் இன்றும் குடும்பம் நடத்துகிறார். குடும்ப வன்முறையைப் பற்றி இளம் வீரர்களிடம் பல வருடமாகப் பேசிவருகிறார். 2023 டிசம்பர் 31 அன்று ரேவன்ஸ் அவரை மைதானத்துக்கு அழைத்து, பழைய வீரருக்குரிய மரியாதை செய்தது. ஏன் அழைத்தார்கள் என்று எங்கள் தெருவில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். அழைத்தது சரி. ஒன்பது வருடம் தாமதம்.