அளவீடும் அறமும்

அளவீடு என்பது அறத்தோடு தொடர்பற்றதொரு செயல் என்பது பலரது எண்ணம். மானி காட்டுவதைக் குறித்துக்கொள்பவன் நல்லவனா தீயவனா என்ற வினா எழுவதில்லை, எண் சரியா பிழையா என்பதே வினா என்பர். இக்கருத்து எத்துணை ஏற்புடையது என்பதை ஆழ்கடல் எண்ணெய்க் கிணறுகளின் சோதனையைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கிணற்றைச் சோதிப்போர் தாம் அளக்கும் பொருளை அதன் இருப்பிடத்திற் காண்பதில்லை. கடலடிப் பாறையில் எண்ணெய், வாயு, நீர் ஆகியன உயர் அமுக்கத்தில் உள்ளன. அவை மேலே வரும்போது அமுக்கம் குறைய, எண்ணெயிற் கரைந்திருந்த வாயு பிரிகின்றது. எண்ணெயின் கனவளவு சுருங்குகின்றது. மூன்றையும் பிரிகலத்தில் வேறாக்கித் தனித்தனியே அளப்பர். ஆங்கும் எண்ணெயோடு வாயுக் குமிழிகள் கலந்து சென்றால் மானி மிகையாகக் காட்டக்கூடும். எனவே நாளொன்றுக்கு இத்தனை பீப்பாய் என்னும் எண் வெறும் காட்சியன்று. திருத்தங்களும் எடுகோள்களும் சேர்ந்த தீர்ப்பாகும். தீர்ப்பு உள்ளவிடத்துத் தீர்ப்போரின் பொறுப்பும் உண்டு.

2010 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் திகதி மெக்சிக்கோ வளைகுடாவின் மக்கொண்டோ கிணற்றில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. கிணற்றின் அடியிலிட்ட சீமெந்து எண்ணெயையும் வாயுவையும் தடுக்கின்றதா என அறிய, உள்ளமுக்கத்தைக் குறைத்துச் சோதித்தனர். துளையிடு குழாயில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 1,400 இறாத்தலாக உயர்ந்து நின்றது. மற்றொரு குழாயிலோ பாய்ச்சல் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே கிணற்றோடு தொடர்புடையன; ஆதலின் ஒன்றுக்கொன்று முரண்படலாகாது. எனினும் உயர்ந்த அமுக்கத்துக்கு வேறொரு விளக்கம் கூறப்பட்டது. சோதனை வெற்றியெனக் கொள்ளப்பட்டது. அன்றிரவே கிணறு வெடித்தது, பதினொருவர் மாண்டனர். மானி பொய்யுரைக்கவில்லை, அது கூறியதைக் கேட்க மனம் ஒருப்படவில்லை.

பின்னர் எழுந்த வினா, கடலிற் கலக்கும் எண்ணெய் எவ்வளவு என்பது. முதலில் நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் என்றனர். சில தினங்களில் 5,000 என்றனர். அரச அறிவியலாளரின் இறுதி மதிப்பீடோ தொடக்கத்தில் 62,000 பீப்பாய் என்பதாகும். தண்டப்பணம் பீப்பாய்க் கணக்கில் விதிக்கப்படுவதால், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு விலை இருந்தது. நீதிமன்றில் அரசு 41.9 இலட்சம் பீப்பாய் என்றது, பீ.பீ. நிறுவனம் 24.5 இலட்சம் என்றது. 2015 இல் நீதிமன்று 31.9 இலட்சம் எனத் தீர்த்தது. பாய்ச்சல் வீதம் பற்றி அமெரிக்கக் காங்கிரசுக்குத் தவறான தகவல் வழங்கிய குற்றத்தை அந்நிறுவனம் 2012 இல் ஒப்புக்கொண்டமையும் குறிப்பிடத்தக்கது.

அளவீடு எதுவும் வழுவற்றதன்று. எனவே வழுவுக்காக ஒருவரைக் குறைகூறல் தகுமோ எனச் சிலர் வினவலாம். தகாது என்பதே விடை. ஆயின் வழு, சார்பு, பொய் என்னும் மூன்றும் வேறுவேறானவை. வழு கருவியின் எல்லையாற் பிறப்பது, அதிற் குற்றமில்லை. பொய், அறிந்ததை மறைப்பது; அதன் குற்றம் வெளிப்படை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சார்பே நுணுகி நோக்கத்தக்கது. விரும்பிய எண் வரின் உடனே ஏற்கின்றோம். விரும்பாத எண் வரின் கருவியை ஐயுறுகின்றோம். ஐயம் அறிவியலின் இயல்பே. ஆனால் அது ஒரு பக்கம் மட்டுமே செல்லுமாயின் ஐயமாகாது, ஆசையாகும். மக்கொண்டோவிற் சோதித்தோர் பொய்யர் அல்லர். அவர்தம் ஐயம் ஒருபக்கம் சாய்ந்தது.

ஆகவே அளப்போருக்குரிய கடமைகள் இரண்டு எனலாம். ஒன்று, எண்ணோடு அதன் நிச்சயமின்மையின் எல்லையையும் கூறுதல். மற்றையது, உவப்பான அளவையும் கசப்பான அளவையும் ஒரே கண்டிப்போடு சோதித்தல். முன்னதைக் கருவிநூல்கள் கற்பிக்கும். பின்னதை எக்கருவியும் கற்பியாது. அது அளப்போரின் ஒழுக்கத்தின்பாற்பட்டது. செம்மை என்னும் சொல் அளவுக்கும் ஒழுக்கத்துக்கும் பொதுவாக வழங்குதல் பொருத்தமே.