வேடனோடு கூடலாமா?

அமெரிக்க நாட்டு அரிசோனா மாநிலத்தின் வடபால், கிராண்ட் கேன்யன் எனும் பெரும் பள்ளத்தாக்கும் அதனையடுத்து வெர்மிலியன் என்னும் செம்பாறை மலைகளும் வறண்ட பாலையில் ஓங்கி நிற்கின்றன. சிறகு விரித்தால் ஒன்பதடிக்கு மேல் அகலும் கலிபோர்னியக் காண்டோர் அங்கு வாழ்கிறது. அது பிணந்தின்னிப் பறவை, இறந்ததையே உண்ணும். 1982-இல் உலகெங்கும் 22 பறவைகளே எஞ்சின. 1987-இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் பேணினர். 1996 டிசம்பரில் ஆறு பறவைகளைச் செம்பாறையிலிருந்து பறக்கவிட்டனர். 2000-இல் அந்நிலம் தேசியச் சின்னமாகக் காக்கப்பட்டது.

நிலம் காக்கப்பட்டும் பறவை மடிந்தது. காரணம் யாது? அருகிலுள்ள கைபாப் மேட்டுநிலத்தில் மான் வேட்டையாடுவோர் குடலை எறிந்துவிட்டுச் செல்வர். குண்டிலிருந்து சிதறிய ஈயத்துகள் அதில் தங்கும். தின்ற பறவையின் செரிமானம் நின்றுவிடும். இரை உள்ளேயிருக்கப் பட்டினியால் சாகும்.

வேடன் குறிவைத்தது மானை, பறவையை அன்று. எண்ணாமற் செய்தது குற்றமாகுமோ என அன்பர்கள் வினவலாம். நாம் முப்பதாண்டு பஞ்சாலையில் நின்றோம். நம் நெஞ்சில் தூசி புக வேண்டுமென்று எவரும் எண்ணியதில்லை. ஆயினும் இருமல் வந்தது. தெரியாதவரை அது அறியாமை. தெரிவித்த பின்னும் தொடருமாயின் அதற்குப் பெயர் வேறு.

ஆகவே தெரிவித்தனர். பெரெக்ரின் நிதியம் எனும் தனியார் அமைப்பு பறவைகளைப் பேண, மாநில வனவிலங்குத் துறை 2005 முதல் ஈயமற்ற குண்டுகளை வேடர்க்கு இலவசமாக அளித்தது. கட்டாயமில்லை, வேண்டுகோளே. ஈயக்குண்டை விடாதாரிடம் குடலையேனும் அகற்றும்படி கேட்டனர். பின்னாண்டுகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இணங்கினர். கலிபோர்னியாவோ சட்டத்தால் தடுத்தது: 2008-இல் காண்டோர் வாழும் பகுதியில், 2019-இல் வேட்டையாடும் மாநிலம் முழுவதிலும்.

கொல்லாமை பூண்ட நாம், குண்டு வழங்கும் கூட்டுறவை எங்ஙனம் ஒப்புவது? நமக்கு இது எளிதாக விளங்கவில்லை. செப்புக் குண்டும் குண்டே; மான் இன்றும் சாகிறது. இதனைத் தூய செயலென்று கூறோம். அங்குலிமாலனை நோக்கிப் பகவர் நடந்தார் என்பர் சிலர். மெய்தான், ஆனால் அவன் வாளையே எறிந்தான், இவர்கள் குண்டைத்தான் மாற்றினர். இவ்வேறுபாடு சிறிதன்று.

எனினும் வேடனைத் தீண்டத்தகாதவனாக ஒதுக்கிவிட்டால் பறவைக்கு ஆவதென்ன? துப்பாக்கி அவன் கையிலன்றோ இருக்கிறது! ஒதுக்குதலின் பயனை நம்மினும் அறிந்தார் யார்? அவனிடம் சென்று பேசியதையும், அவன் செவி கொடுத்ததையும் நாம் ஒப்புகிறோம், அவ்வளவே.

காண்டோர் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரே முட்டையிடும். ஈயமே இன்றும் அதன் சாவுக்கு முதற்காரணம். பறவைகளைப் பிடித்துக் குருதியைச் சோதித்து, நஞ்சு மிகுந்தவற்றுக்கு மருத்துவம் செய்து, மீண்டும் அச்செம்பாறைகளிலேயே விடுகின்றனர்.