தேவாங்கின் கண்கள்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் ரயிலில் அய்யலூர்ப் பக்கம் வரும்போதெல்லாம் நான் சன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துவிடுவேன். கரடு, முட்புதர், உசிலை மரங்கள் என்று பகலில் பார்த்தால் அதிசயம் ஒன்றும் இல்லாத காடுதான். ஆனால் என் அப்பத்தா சொன்ன கதை நடந்தது அங்கேதான்.

காணாமற்போன வெள்ளாட்டைத் தேடிப் போன சிறுவன் இருட்டில் வழி தவறிவிடுகிறான். கிளைகளுக்கு நடுவே இரண்டு நெருப்புத் துண்டங்கள்! தேவாங்கு. அது வாய் திறந்து பேசுகிறது. அவசரமே இல்லாமல், கிளை கிளையாகப் பற்றி முன்னே போகிறது. சிறுவன் கீழே தொடர்கிறான். பாம்புகள் விலகி வழி விடுகின்றன. பாறைக்கடியில் கிடக்கும் புதையல் தேவாங்கின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. விடியும்போது அவன் ஆட்டோடும் பொற்காசுகளோடும் வீடு திரும்புகிறான். கதை எழுதும் பிழைப்புக்கு நான் வந்ததில் அந்தத் தேவாங்குக்கும் பங்கு உண்டு.

போன கோடை விடுமுறையில் பேரனுக்கு அதே கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "தாத்தா, ஒரு தேவாங்கைப் பிடிச்சுட்டு வந்தா நமக்கும் புதையல் தெரியுமா?" என்றான்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவன் கணக்கில் பிழையே இல்லை. பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்ட கணக்கும் அதுதானே? கண் மருந்துக்காகும், உடம்பு மாந்திரீகத்துக்காகும் என்று நம்பி, இரண்டு கைக்குள் அடங்கிவிடும் அந்தப் பிராணியைப் பிடித்து வதைத்திருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தது. 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று ஏற்பட்ட முதல் சரணாலயம் அது.

"கதை வேறு, கத்தி வேறு ஐயா. குழந்தையின் மாய உலகத்தைக் கெடுக்காதீர்" என்றார் நண்பர் ஒருவர். அரை மனத்தோடு நானும் தலையசைத்தேன். மாயம் இல்லாத குழந்தைப் பருவம் உப்பில்லாத சோறு. ஆனால் அந்தக் கதையை மறுபடி யோசித்துப் பாருங்கள். வழி சிறுவனுக்கு, காவல் சிறுவனுக்கு, பொன்னும் சிறுவனுக்கு. தேவாங்குக்கென்று ஒரு காரியமும் அதில் கிடையாது. நிஜத் தேவாங்குக்கோ இரவு முழுவதும் சொந்த வேலை இருக்கிறது. பூச்சி பிடிக்க வேண்டும். உழவனின் பயிரைத் தின்னும் பூச்சிகளும் அதில் சேர்த்தி. அந்தப் பெரிய கண்கள் நட்சத்திர வெளிச்சத்தில் ஒரு வண்டைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டவை. நாம் மரத்தடியில் நிற்பது அதற்குப் பொருட்டே இல்லை. எனக்கென்னவோ பேசும் தேவாங்கைவிட இதுதான் பெரிய மாயமாகப் படுகிறது. ஆனால் ஏழு வயதுக்காரனுக்கு அப்படிப் படுமா?

மறுநாள் இரவு கதையை மாற்றிச் சொன்னேன். சிறுவன் மரத்தடியிலேயே உட்கார்ந்து விடிய விடியத் தேவாங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளுக்கும் நேரத்தில் ஆட்டின் கழுத்துமணி கேட்டது என்று முடித்தேன்.

"புதையல்?"

"இல்லை."

"பேசவே இல்லையா?"

"இல்லையடா."

"முதல்லே சொன்ன கதைதான் நல்லாயிருக்கு தாத்தா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். தோற்றுவிட்டேன் என்று விளக்கை அணைத்தேன். சற்றுப் பொறுத்து இருட்டிலிருந்து குரல் வந்தது.

"தாத்தா, விடியறதுக்குள்ளே அது எத்தனை பூச்சி தின்னுச்சு?"