உச்சியில் நிற்கும் ஆற்றல் எங்கே இருக்கிறது?

மேல்நோக்கி எறிந்த பொருள் உச்சியை எட்டியதும் ஒரு கணம் அசைவற்று நிற்கிறது. கையை விட்டுக் கிளம்பும்போது இருந்த இயக்க ஆற்றல் அந்தக் கணத்தில் அழிந்துவிட்டதா, மறைந்து நிற்கிறதா? இயற்பியலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு பிறக்கும் முன்பே, உள்ளதுதான் தோன்றுகிறதா, இல்லாதது புதிதாகப் பிறக்கிறதா என்று இந்தியத் தத்துவ மரபுகள் நூற்றாண்டுக்கணக்கில் வாதாடியிருக்கின்றன.

முதலில் கணக்கு. திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் நிற்பவர், வெட்டிய பீஸ்களைக் கட்டி முதல் மாடிக்கு எறிகிறார் என்று கொள்வோம். கட்டு 2 கிலோ. கையை விட்டபின் ஏறும் உயரம் 2.5 மீட்டர். நிறை, புவியீர்ப்பு முடுக்கமான 9.8, உயரம் மூன்றையும் பெருக்கினால் உச்சியில் நிலையாற்றல் 49 ஜூல். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கட்டு அவ்வளவு உயரம் ஏற நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். அந்த வேகத்தின் இயக்க ஆற்றலும் 49 ஜூல்தான். மாடியில் இருப்பவர் பிடிக்கத் தவறினால், கட்டு அதே 7 மீட்டர் வேகத்தோடு எறிந்தவர் கைக்கே திரும்பும்.

இனி தத்துவ மரபுகள். கணாதர் பெயரால் வழங்கும் வைசேடிக சூத்திரம் எறிந்த பொருளின் போக்கை எய்த அம்பை வைத்து ஆராய்கிறது. அம்பின் முதல் அசைவுக்குக் காரணம் உந்துதல். அதன்பின் அம்பிலேயே தங்கும் சம்ஸ்காரம், அதாவது அந்த அசைவின் பதிவு, அதைச் செலுத்துகிறது. அது தீர்ந்ததும் குருத்துவம், அதாவது கனம், கீழே விழச் செய்கிறது. கனம் கண்ணுக்குத் தெரியாது, விழுவதைக் கொண்டே ஊகிக்க வேண்டும் என்றும் அம்மரபு சொல்கிறது. வியக்கத்தக்க கூர்மை அது. ஆனால் வைசேடிகர் அசற்காரியவாதிகள்: காரியம் காரணத்தில் முன்னரே இருப்பதில்லை, புதிதாகத் தோன்றுகிறது என்பவர்கள். அந்த நோக்கில் ஏறும்போதிருந்த வேகம் தீர்ந்தது தீர்ந்ததுதான். இறங்கும்போது வருவது வேறொரு வேகம். அப்படியானால் இரண்டும் மிகச் சரியாக 7 மீட்டராகவே இருப்பது ஏன்? இதற்கு அவர்களிடம் விடை இல்லை.

சாங்கியரும் மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்திகளும் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். அவர்களுடையது சற்காரியவாதம். இல்லாததிலிருந்து எதுவும் வராது. சித்தாந்தியின் சொல்லில், உலகம் மாயையில் சூக்குமமாய் இருந்து தோன்றி அதிலேயே ஒடுங்குகிறது. 1853இல் நிலையாற்றல் என்ற கருத்துக்குப் பெயரிட்ட இயற்பியலாளர் ராங்கின் அதற்குக் கொடுத்த பொருளும் இதை ஒட்டியே வருகிறது: வெளிப்படாமல் இருக்கிறது, வெளிப்படக் கூடியது.

ஆனால் ஒற்றுமை இத்தோடு நின்றுவிடுகிறது. 49 என்ற எண் எறிந்தவரின் கைமட்டத்திலிருந்து அளந்தது. மாடியில் பிடிப்பவரின் கைமட்டத்திலிருந்து அளந்தால் பூஜ்யம். திருப்பூர் வட்டாரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் மேலே இருப்பதால், கடல்மட்டத்திலிருந்து அளந்தால் கிட்டத்தட்ட 5,900 ஜூல். மூன்றும் சரியான விடைகளே. ஏனெனில் இயற்பியலுக்கு வேண்டியது இரு நிலைகளுக்கு இடையிலான வேறுபாடு மட்டுமே. கட்டைப் பிரித்து ஒவ்வொரு பீஸாகத் தேடினாலும் அந்த ஆற்றல் அகப்படாது. அது கட்டும் பூமியும் சேர்ந்த அமைப்புக்கு உரியது. சித்தாந்தி சொல்லும் மாயையோ அளப்பவரின் மட்டத்தைப் பொறுத்து மாறும் எண் அன்று. அது நித்தியமான உள்பொருள், உலகுக்கு முதற்காரணம். சடமான அது தானே இயங்காது என்பதால்தான் நிமித்த காரணமாக இறைவன் வேண்டும் என்று சித்தாந்தம் வாதிடுகிறது. நிலையாற்றல் கணக்கில் இந்த வாதத்துக்கு ஆதரவும் இல்லை, மறுப்பும் இல்லை.

ஆகவே, ஆற்றல் அழியாமை விதி சற்காரியவாதத்தை நிரூபித்துவிட்டது என்று மேடைகளில் சொல்வது இரண்டுக்கும் நியாயம் செய்யாது. அளவு குறையாமல் திரும்புகிறது என்ற ஒரு செய்தியில் மட்டும் கணக்கு வைசேடிகரை விடச் சித்தாந்திக்கு நெருக்கமாக நிற்கிறது.