ஏலத்தில் மனிதர்

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களில், மாலைதோறும் தோட்டத்துத் தராசின் முன் வரிசை நிற்கும். பழத்தை நிறுத்து அதற்கேற்பக் கூலி எழுதுவார்கள். நிறுக்கப்படுவது பழமே, ஆயினும் எடை குறைந்த அன்று தலை கவிழ்ந்து நிற்பவர் மனிதர்.

2024 அக்டோபரில் புது தில்லியில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தைக் கைப்பேசியில் கண்டபோது அந்தத் தராசுதான் நினைவுக்கு வந்தது. உடனிருந்தவர் எங்கள் பங்கின் இளைஞர். மட்டையும் பந்துமாகவே வளர்ந்தவர். 2013இல் தொடங்கி 2017க்குப் பின் நின்றுபோன போட்டி மீண்டும் உயிர்பெற்றிருந்தது. ஹர்மன்பிரீத் சிங்கைச் சூர்மா அணி 78 இலட்சத்திற்கு எடுத்தது. அமித் ரோகிதாஸைத் தமிழ்நாடு டிராகன்ஸ் 48 இலட்சத்திற்கு எடுத்தது. மனிதரை ஏலம் விடுவதா என்று கசந்தேன். இருபது வெள்ளிக்காசுக்கு விலைபோன யோசேப்பை நினைத்துக்கொண்டேன்.

ஒப்புமை பிழையென்று பின்னர் உணர்ந்தேன். யோசேப்பின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. ஆட்டக்காரரோ தாமே பெயர் கொடுக்கிறார். வாங்கப்படுவது ஒரு பருவத்து உழைப்பு, ஆள் அன்று. உழைப்புக்கு நியாயமான கூலி பெறுவது உரிமை என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே தம் சுற்றுமடலில் நிலைநாட்டினார். இலட்சங்களைக் கண்டு முகம் சுளித்தது என் பொறாமையாகவும் இருக்கலாம்.

"விலை போனவருக்காக வருந்துகிறீர்கள், சாமி. பெயர் வாசித்தும் ஒருவரும் கேட்காதவரைக் கவனித்தீர்களா?" என்றார் இளைஞர்.

கவனிக்கவில்லை. ஆடவர் பிரிவில் எட்டு அணிகள். அணிக்கு 24 பேர். ஆக 192 இடங்கள். பெயர் கொடுத்தோரோ அதைவிட மிகப் பலர். ஒரு பெயர் ஒலிக்கும், குறைந்தபட்சத் தொகை சொல்லப்படும், சில நொடி மௌனம், அடுத்த பெயர். அந்த மௌனம் எவருடைய குற்றமும் அன்று. அணிக்கு வேண்டிய கோல்கீப்பர் முன்னரே கிடைத்திருப்பார். ஆனால் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு இவ்விளக்கம் எவ்வாறு போதும்? கூலி பேசுவதில் தவறு இல்லை. அதை ஊர் பார்க்கும் காட்சியாக்கி, வேண்டப்படாதவரையும் அதில் நிறுத்துவதுதான் என் மனத்தை உறுத்துகிறது. எங்கள் தோட்டத்துக் கணக்கர்கூட எடையைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்.

திராட்சைத் தோட்ட உவமையைப் பல ஆண்டுகள் பிரசங்கித்திருக்கிறேன். உரிமையாளரின் தாராளத்தையும், காலையில் வந்தோரின் முணுமுணுப்பையும் விரிவாகப் பேசியிருக்கிறேன். மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றவர்கள், தங்களை எவரும் அமர்த்தவில்லை என்று சொன்னதில் ஒரு நாளும் நான் தங்கியதில்லை. பகல் முழுதும் ஆள் பொறுக்குவோர் அவர்களைப் பார்த்துவிட்டுக் கடந்து சென்றிருப்பார்கள் அல்லவா?

2025 பிப்ரவரி 1ஆம் நாள் ரூர்கேலாவில் ஆடவர் இறுதியாட்டம் முடிந்தது. பெங்கால் டைகர்ஸ் வென்றது. நம் டிராகன்ஸுக்கு நான்காமிடம். மறுவாரம் ஆலயத் திடலில் அந்த இளைஞர் சிறுவர்களுக்கு ஆட்டம் பழக்கிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் தலைவர் இருவர் மாறி மாறி ஆள் எடுப்பார்கள். அன்று அவர் சிறுவர்களை வரிசையில் நிறுத்தி எண் சொல்லச் செய்தார். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஏனென்று கேட்டேன்.

"கடைசியில் மிஞ்சுவது யாரென்று எல்லாருக்கும் தெரியும், சாமி. அவனுக்கும் தெரியும்" என்று சொல்லி விசிலை ஊதினார்.