நந்தி விலகிய பிறகு தீ எதற்கு?

பெரியபுராண முற்றோதலில் திருநாளைப்போவார் புராணம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார்தான் அந்தத் திருநாளைப்போவார். அவர் கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுக்கிறார். பூசைக்குக் கோரோசனை கொடுக்கிறார். அவர் கைபட்டதெல்லாம் சந்நிதிக்குள் போகிறது. அவர் மட்டும் வாசலில் நிற்கிறார்.

திருப்புன்கூரில் அவர் பார்வையை மறைத்த நந்தியை விலகச் சொன்னவர் சிவபெருமான். இன்றைக்கும் அங்கே நந்தி ஒதுங்கித்தான் இருக்கிறது. அதே பெருமான் தில்லையில், சிதம்பரத்தில், அவரைத் தீயில் மூழ்கி வரச் சொல்கிறார். பூணூலணிந்த முனிவராக எழுந்த பிறகுதான் நந்தனாரால் உள்ளே போக முடிகிறது. நந்தியை நகர்த்தியவருக்குத் தில்லையின் கதவைத் திறக்கத் தெரியாதா? பக்தியோடுதான் கேட்கிறேன், பல வருஷமாக என்னை விடாத கேள்வி இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இந்தக் கதைக்குள் ஒரு வேதியரைக் கொண்டுவந்தார். அவருடைய நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுத்தான் நந்தன் சிதம்பரம் போகலாம். பெரியபுராணம் பாடிய சேக்கிழாரிடம் இந்த வேதியர் கிடையாது. 1942-ல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாராக உருகிப் பாடினார். வேதியர் வந்தார், பாட்டு வந்தது, கண்ணீர் பெருகியது. தீ மட்டும் அணையவில்லை.

1949-ல் ‘நல்ல தம்பி’ படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்தார். நந்தனுக்குச் சிதம்பரம் என்றால் கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். விரட்டப்பட்ட பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்கிறான், கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். விரட்டிய வாத்தியாரே அவனை வரவேற்கிறார். கிந்தன் எந்தத் தீயிலும் இறங்கவில்லை. மாற வேண்டியிருந்தவர் வாத்தியார்தான். கலைவாணர் திருப்புன்கூரின் வழியில் போனார் என்று நான் நினைக்கிறேன்: நந்திதான் விலகவேண்டும், அடியார் அல்ல.

அடியாரைக் கேலி செய்யலாமா என்பார்கள். கொஞ்சம் கவனித்துக் கேட்டால் தெரியும், கலைவாணர் நந்தனின் தாகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வாசலை மறித்தவர்களைப் பார்த்துத்தான் அவ்வளவு சிரிப்பும். அவர் நாகர்கோவில்காரர், வில்லுப்பாட்டில் ஊறியவர். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் சாமி கதை பாடும்போதே கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அடுத்த நிமிஷமே சாமியாடும். சிரித்ததால் சாமி கோபித்துக்கொண்டதாக யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் கிந்தனார் எனக்கு முழுசாகப் போதவில்லை. அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆடுகிற கூத்தன் இல்லை. அதிகாரியின் நாற்காலி எத்தனை பெரிதானாலும் நந்தனார் கேட்டது அதுவல்ல. அவர் கேட்டது கண்ணாரப் பார்ப்பதை. அதற்குச் சேக்கிழாரிடம்தான் திரும்பவேண்டியிருக்கிறது.

புரட்டாசி ரோகிணி நந்தனார் குருபூசை. அன்றைக்கு ஆழ்வார்குறிச்சிக் கோயிலில் புராணம் படித்து முடித்ததும் கிந்தனாரையும் போட்டுக் காட்டலாமா என்று கேட்டேன். “கோயிலுக்குள்ள சினிமாவா அண்ணாச்சி?” என்றார் ஒருவர். சரி, வெளியே தெருவில் திரை கட்டுவோம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.